வன்னியம்பட்டியில் குறைந்த வெளிச்சம்

முச்சந்தியில் யாரோ சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, ஜூஸ் போட்டுக் குடித்த ஆள் நான். என் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேய், காத்து, கருப்பு என்று எவனாவது என் முன்னால் ஆரம்பித்தால், "ஏலே, வேற சோலி இருந்தா போய்ப் பாரு" என்று எழுப்பி விட்டுவிடுவேன். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், கண்ணால் பார்த்ததைக்கூட அளந்து பார்க்காமல் நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே தொண்டை போனவன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானே சிரித்துவிட்டுப் போகத்தான் பார்த்தேன், முடியவில்லை.

எனக்கு வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். பெயர் வேண்டாம், விடுங்கள். அங்கே ஓவிய ஆசிரியராக இருந்தவர் பரமசிவம் சார். அவரும் ராஜபாளையம்தான். காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே பஸ், பதினான்கு வருஷம். நான் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார், இறங்குகிற இடம் வந்ததும் தானாக முழிப்பார், அதற்கு மட்டும் என்ன விஞ்ஞானம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆண்டு விழா நாடகங்களுக்கு லைட் போடுவது அவர் பொறுப்பு. பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து பெரிய லைட் போர்டு ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். பார்த்தால் பயமாக இருக்கும். திரை, வரிசை வரிசையாகப் பட்டன், அதற்குக் கீழே மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்கள், மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். எந்தக் காட்சிக்கு எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று முன்கூட்டியே அதற்குள் பதிந்து வைத்துவிடலாம், நாடகத்தன்று ஒரே ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் போதும். பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது அடங்கும்.

ஃபேடருக்கு எல்லோரும் ஒன்று, இரண்டு என்று நம்பர் ஒட்டுவார்கள். நம்ம ஆள் எங்கள் பஸ் ரூட்டையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்து ஊர் பெயர் ஒட்டியிருந்தார். போர்டிலிருந்து மேடையைப் பார்த்தால் இடது ஓரம் ராஜபாளையம், வலது ஓரம் ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவில் வன்னியம்பட்டி. பின்னால் மலை வரைந்த திரை தொங்குகிற இடம் அய்யனார் கோவில், முன்னால் ஜனங்கள் பக்கம் ஆலங்குளம். பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான். "ஏலே, ஆலங்குளத்துல நின்னா மூஞ்சி வெளுத்துப் போகும், ரெண்டு எட்டு அய்யனார் கோவில் பக்கம் போ" என்று மைக்கில் கத்துவார். புதிதாக வந்த தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியாமல், டூருக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டுவிட்டார். அதை வைத்தே ஒரு வருஷம் சிரித்தோம்.

போன வருஷ நாடகத்தில் ராணுவத்துக்குப் போன மகன் லீவில் வருகிறான் என்று காத்திருக்கிற ஒரு தாயின் கதை. அந்தத் தாயாக நடித்தது பரமசிவம் சாருடைய மகள் கோமதி, பதினொன்றாம் வகுப்பு. கடைசிக் காட்சியில் அவள் தனியாக மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நின்று பஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டும், மகன் வரமாட்டான். அந்த நடைக்கு லைட் வைக்க மட்டும் சார் பத்து நாள் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் தூங்காமல் அதையே பேசிக்கொண்டு வந்தார். "சார், அவ கால் வைக்கிறதுக்கு முன்னால வெளிச்சம் அங்கன போயி நிக்கணும். எம்பிள்ள ஒரு எட்டுகூட இருட்டுல வைக்கக் கூடாது" என்றார். எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது, ஒரு சாயங்காலம், எனக்கு வீட்டில் விருந்தாள் வருகிறார்கள் என்று முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அப்பாவும் மகளும் மட்டும் இருந்து கடைசி ஒத்திகையை முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அன்றைக்குப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். நாற்பத்தொன்பது வயது. கோமதி அழவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை, பதினாறாம் நாளிலும் அழவில்லை. அவள் அம்மா தன் அழுகையை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளை அழவில்லையே என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

விழாவைத் தை மாசத்துக்குத் தள்ளி வைத்தார்கள். லைட்டை யார் பார்ப்பது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கரண்ட் என்றால் இயற்பியல்தானே. நானும் சரி என்றேன், அவர் எல்லாவற்றையும் பதிந்து வைத்துவிட்டுத்தானே போயிருக்கிறார், பட்டனைத் தட்ட வேண்டியதுதானே என்ற தைரியம். கோமதி தேடி வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "அப்பா வச்ச வெளிச்சம் அதுக்குள்ள இருக்குல்ல சார்?" இருக்கிறது பிள்ளை, பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் மறுபடியும் நடிக்க வந்ததே அதற்காகத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் சார் அந்தப் போர்டுக்குத் துடைத்துப் பொட்டு வைப்பார். இந்த வருஷம் அவர் இல்லையென்று அது பொட்டில்லாமல் இருந்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வேகம். சாமி நம்பிக்கை இல்லாதவன், அவருக்காகச் செய்தேன். அவர் போர்டு மூடியின் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டுதான் வைப்பாராம், அது எனக்குத் தெரியாது. நான் சந்தனத்தை நன்றாகக் கரைத்து, பட்டன் பட்டனாக, ஒன்று விடாமல் வைத்தேன். மேலே குங்குமம். கொஞ்சம் கண்ணும் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஆன் செய்தேன். சந்தனம் இடுக்கில் இறங்கி இறுகியதில் ஒரு பட்டன் அமுங்கினபடியே நின்றுவிட்டது. அந்தப் பட்டன் அமுங்கி இருக்கும்போது ஆன் செய்தால், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று அந்த மெஷின் கேட்குமாம். திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்தது. நான் கண்ணாடியைப் போடாமல், வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று சரி என்பதை அமுக்கிவிட்டேன். அவ்வளவுதான். பத்து நாள் அவர் தூங்காமல் யோசித்தது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரை வெள்ளையாக இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் போய், அந்தப் பெரிய போர்டு நமக்குச் சரிப்பட்டு வராது மேடம், நடுவில் மக்கர் பண்ணினால் மானம் போகும், சின்னதாக, சுலபமானதாக ஒன்று மாற்றிக்கொள்வோம் என்றேன். ராஜபாளையத்தில் கல்யாணங்களுக்கு லைட் போடுகிற ஒருவரிடமிருந்து ஆறே ஆறு ஃபேடர் உள்ள போர்டைக் கொண்டு வந்தேன். அதில் திரை கிடையாது, பதிந்து வைக்கிற வேலை கிடையாது, கை தள்ளினால் ஏறும், கை இழுத்தால் இறங்கும். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். பழைய போர்டிலிருந்து அவர் கையெழுத்தில் இருந்த ஊர் பெயர்களைப் பிளேடால் மெல்ல உரித்து இதில் ஒட்டிக்கொண்டிருந்தபோது கோமதி வந்து நின்றாள். அப்பா வைத்தது இதில் வருமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டேன், அப்படியே வரும் என்றேன். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அம்புட்டுப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

ஒத்திகையில் என் வண்டவாளம் தெரிந்துவிட்டது. அவள் நடந்து போன பிறகுதான் என் வெளிச்சம் பின்னால் ஓடும். வன்னியம்பட்டியில் அவள் இருட்டில் நிற்பாள், நான் பதறித் தள்ளினால் ராஜபாளையம் திரும்ப எரியும். அவள் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, "பழகிரும் சார்" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் பின்னால், வீடியோக்காரருக்குப் பக்கத்தில், பெஞ்சில் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் காட்சிகள் எப்படியோ ஓடின. கடைசிக் காட்சிக்கு மேடை இருட்டானது. இடது ஓரத்தில் அவள் வந்து நின்றாள். நான் ராஜபாளையத்தைத் தள்ளினேன், வெளிச்சம் வந்தது. அவள் முதல் எட்டு எடுத்து வைத்தபோது, ஐயோ மறுபடியும் தாமதம் என்று வன்னியம்பட்டி ஃபேடரைப் பார்த்துக் கையைக் கொண்டு போகிறேன், நிமிர்ந்தால் அங்கே வெளிச்சம் ஏற்கெனவே நிற்கிறது.

நான்தான் தள்ளியிருக்கிறேன் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன், அந்த ஃபேடர் அடியில் கிடந்தது. சரி, எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன் என்று போர்டின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன். ஒயர் இல்லை. போர்டையும் விளக்குகளையும் இணைக்கிற ஒயர் கழன்று கீழே பெஞ்சுக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது, யாரோ கால் தட்டி இழுத்திருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அந்த ஒயரின் முனையை நான் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தேன். பின்னால் அய்யனார் கோவில் லேசாக ஏறியது, மலைத் திரை மங்கலாகத் தெரிந்தது. அவள் கால் வைக்கிறதுக்கு ஒரு எட்டு முன்னால் வெளிச்சம் போய் நின்றது. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் தரையைப் பார்க்கவே இல்லை, நிமிர்ந்தே நடந்தாள்.

நடுவில் வந்து, "இந்த பஸ்ஸுல இல்லன்னா அடுத்த பஸ்ஸுல வந்துருவான்" என்று அவள் சொல்லும்போது, வன்னியம்பட்டி வெளிச்சம் சட்டென்று குறைந்தது. மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு மெதுவாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தது. அவள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மேலே விளக்கைப் பார்த்தாள், ஒத்திகையில் அப்படிச் செய்ததே இல்லை. பிறகு மிச்ச தூரத்தையும் நடந்து வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தாள், எல்லா விளக்கும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி இருட்டானது. மண்டபமே கை தட்டியது. நான் ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைச் சொருகினேன், முடிவில் எல்லோரும் வந்து வணங்கும்போது போர்டு ஒழுங்காக வேலை செய்தது.

நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒயர் கழன்றால் சில விளக்குகள் கடைசியாக இருந்த அளவிலேயே நிற்கும், சரி, நிற்கும், நடக்குமா? வோல்டேஜ் ஏறி இறங்கினால் எல்லா விளக்கும் சேர்ந்து ஏறி இறங்கும், ஒன்று இறங்க இன்னொன்று ஏறாது. சின்ன போர்டைக் கொடுத்த லைட்காரரிடம் அடுத்த நாளே போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சரியா சாப்பிட்டீங்களா?" என்றார்.

அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியதும் கோமதி நேராக என்னிடம் வந்தாள். "அப்பா வச்ச மாதிரியே வந்துச்சு சார், எம்புட்டு நன்றி சொல்றதுன்னே தெரியல" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அப்பாவின் வேலையை அழித்த கை இது. அதைப் பார்த்துக் கும்பிடுகிறாள். நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனேன்.

பொறுக்க முடியாமல், அப்பாவின் பிரஷ்களை எடுத்துப் போக அவள் ஓவிய அறைக்கு வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சந்தனம் வைத்தது, அழிந்தது, பேப்பர் என்று ஒன்றே இல்லாதது, ஒயர் கீழே கிடந்தது எல்லாம். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பிரஷ்களை மேஜையில் வைத்தாள்.

"அப்ப அந்தக் கொறஞ்ச வெளிச்சம்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அது மெஷின்லயும் கெடையாது சார். கடைசி நாள் ஒத்திகைல அப்பா மெஷின விட்டுட்டுக் கையாலயே ஓட்டிப் பாத்தாக. நான் அந்த வசனத்தச் சொல்லும்போது கை நழுவி வெளிச்சம் கொறஞ்சு போச்சு. என்னன்னு பாத்தா இங்கன பிடிச்சுட்டு உக்காந்திருக்காக." அவள் தன் இடது தாடையைத் தொட்டுக் காட்டினாள். "ஏட்டி, பல்லு வலிதான், அம்மாட்ட சொல்லாத, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா, நாடகம் முடியட்டும்னாக. நான் சொல்லல சார். வீட்டுக்குப் போயும் சொல்லல. பொறவு பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த ஒரு நர்ஸ் அத்தைதான், நெஞ்சு வலி சில பேருக்குத் தாடைலதான் வரும்னு யார்ட்டயோ பேசிட்டிருந்தாக. அன்னைக்கே நான் சொல்லியிருந்தா அப்பா இருப்பாக."

ஆறு மாசமாக அந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டுதான் அழாமல் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. அந்தக் குறைவு அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது. "அப்பா அத மறுபடி காட்டுனாகன்னா, எம்மேல கோவமா சார்?" என்று கேட்டாள். "கொறஞ்சாலும் அடுத்த எட்டுக்கு உனக்கு வெளிச்சம் வச்சாரா இல்லயா?" என்றேன், வாயில் வந்தது அதுதான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் சொல்லிவிடு பிள்ளை என்றேன், தைரியம் வரவில்லை சார் என்றாள்.

விழா வீடியோவை அதற்கப்புறம் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த வசனம் வருகிற இடத்தில் வெளிச்சம் குறையவே இல்லை. ஒரே சீராக எரிகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீடியோக்காரர், முன் வரிசையில் இருந்த தலைமையாசிரியை, எல்லோரிடமும் கேட்டேன், யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவள் நின்று மேலே பார்ப்பது வீடியோவில் இருக்கிறது.

போன மாசம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கோமதியையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா நிறுத்தினார்.

"சார், ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு. நாடகத்துல இவ நடுவுல நிக்கும்போது வெளிச்சம் செத்த நேரம் கொறஞ்சு பொறவு வந்துச்சே, அது ஏன் சார்? அவிய இருந்தா அப்படி விட மாட்டாகளேன்னு நெனச்சேன். அந்நேரம் பாத்து எனக்கு இந்தப் பக்கம் பல்லு வலிச்சுச்சு பாருங்க, உயிர் போயிட்டு வந்துச்சு. மறுநா பல்லு டாக்டர்ட்ட காட்டினா, பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குங்காரு."

சொல்லிக்கொண்டே உள்ளங்கையை இடது தாடையில் வைத்துக் காட்டினார். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவின் கையைத் தாடையிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போயி நான் சொல்லுதேன்" என்றாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. என்னிடம் இதற்கு விளக்கம் எதுவும் கிடையாது, நீங்களும் ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடாதீர்கள். காலையில் பல் விளக்கும்போது விரல் இடது தாடையில் பட்டால் என் கை இன்றைக்கும் அப்படியே நின்றுவிடுகிறது.